மாநாட்டுக்கு ஆள் அனுப்பும் முன்: துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தமிழ்நாட்டின் அரசுத் துறைத் தலைவர்கள், மாவட்ட ஆட்சியர்கள், மாநகராட்சி ஆணையர்கள், அரசு மருத்துவமனை முதல்வர்கள், கூட்டுறவு வங்கிகளின் மேலாண்மை இயக்குநர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

தேசிய அளவில் நடக்கும் சைபர் பாதுகாப்பு மாநாடுகளுக்கான அழைப்பு ஆண்டுக்கு ஒன்றிரண்டாவது உங்கள் மேசைக்கு வருகிறது. கோவாவில் 2010இல் தொடங்கிய நல்கான், கேரளக் காவல்துறை முன்னின்று நடத்தும் கோகான், டெல்லிப் பக்கம் இந்தியத் தரவுப் பாதுகாப்பு மன்றம் கூட்டும் ஆண்டு மாநாடு என்று பல இருக்கின்றன. அழைப்பு வந்ததும் கோப்பு எழுதப்படுகிறது, ஒருவர் பெயர் குறிக்கப்படுகிறது, அவர் போய் வருகிறார், பங்கேற்புச் சான்றிதழ் கோப்பில் சேர்கிறது. அலுவலகத்து ஃபயர்வாலும் (வலையமைப்புக்கு வாயில் காக்கும் கருவி) சர்வரும் பேக்கப்பும் அவர் கிளம்பிய அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. போனவர்மீது குற்றமில்லை. எதற்காகப் போகிறார், திரும்பி வந்து எதைச் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு என்று யாரும் எழுதித் தருவதில்லை. அதை எழுதித் தரும் கையெழுத்து உங்களுடையது என்பதால் இந்த மடல் உங்களுக்கு.

யார் போவது என்பதில்தான் முதல் பிழை நடக்கிறது. ஃபயர்வாலின் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ, சர்வர் விழுந்தால் இரவு பதினொரு மணிக்கு யாருக்கு போன் போகிறதோ, அவர்தான் போக வேண்டியவர். பல அலுவலகங்களில் அவர் ஏஜென்சி வழியாகச் சம்பளம் வாங்கும் ஒப்பந்த ஊழியர். பயணப்படி விதியில் அவருக்கு இடமில்லை என்பதால், கணினிப் பிரிவை மேற்பார்வை மட்டும் பார்க்கும் நிரந்தர அலுவலர் அனுப்பப்படுகிறார். அவர் கேட்டுவந்து இவருக்குச் சொல்வதற்குள் விஷயத்தில் பாதி உதிர்ந்துவிடும். இதற்கு வழி இருக்கிறது. ஏஜென்சியோடு அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போது, ஆண்டுக்கு இத்தனை நாள் பயிற்சி, அதற்கான பதிவுக் கட்டணமும் பயணச் செலவும் பில்லில் ஏற்கப்படும், அந்த நாட்கள் பணிநாட்களாகவே கருதப்படும் என்று ஒரே ஒரு பிரிவைச் சேருங்கள். இரண்டு இடம் கிடைத்தால் இரண்டாமவராக, கொள்முதல் கோப்பில் குறிப்பு எழுதும் அலுவலரை அனுப்புங்கள். எது தேவை என்று ஒருவருக்கும், ஏன் தேவை என்று மற்றவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தால், திரும்பி வந்தபின் கோப்பு நகர்வது எளிது.

இந்த மாநாடுகளில் பேச்சரங்குகளுக்கு முந்தைய நாட்களில் தனியாகப் பயிற்சி வகுப்புகள் நடப்பதுண்டு. கட்டணம் நுழைவுச்சீட்டைவிடப் பல மடங்கு இருக்கும். அதைப் பார்த்ததும் தணிக்கை நினைவுக்கு வந்து, பயிற்சியை விட்டுவிட்டு நுழைவுச்சீட்டுகளை மட்டும் நான்கைந்தாக எடுக்கிறோம். எங்கள் கருத்து இதற்கு நேர் எதிரானது. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ஒரே ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஆனால் வகுப்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். மால்வேரை (தீய மென்பொருளை) பிரித்து ஆராய்வது, கார்களையும் செயற்கைக்கோள்களையும் ஊடுருவிக் காட்டுவது போன்ற வகுப்புகள் ஈர்க்கும். ஒரு மாவட்ட அலுவலகத்துக்கோ மருத்துவமனைக்கோ வேண்டியது வேறு: தாக்குதல் நடந்தபின் கையாளும் முறை, விண்டோஸ் டொமைனை (அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பை) பூட்டி வைப்பது, லாக் (கணினி தானாக எழுதும் நிகழ்வுப் பதிவு) படிப்பது. இந்த மூன்றில் ஒன்று பட்டியலில் இல்லையென்றால் அந்த ஆண்டு பயிற்சிப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே அவர் தன் அலுவலகத்தைப் பற்றி ஒரு தாள் தயாரிக்க வேண்டும். எத்தனை கணினிகள், எந்த விண்டோஸ் என்பது முதல் வரி. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் சர்வர் 2012க்கான ஆதரவு 2023 அக்டோபர் 10இலும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன என்பதால், இந்த ஒரு வரியே பல அலுவலகங்களில் அதிர்ச்சி தரும். அடுத்து ஃபயர்வாலின் மாடல், ஃபர்ம்வேர் (சாதனத்தின் உள் மென்பொருள்) பதிப்பு, லைசென்ஸ் முடியும் தேதி. கடைசியாக பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்த்தது எப்போது. வெளியிலிருந்து உள்ளே நுழைய யார் யாருக்கு வழி இருக்கிறது: பராமரிப்பு நிறுவனத்துக்கு நிரந்தரமாகத் திறந்து வைத்த எனிடெஸ்க் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள்), முன்பு இருந்த ப்ரோகிராமரின் விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் வரும் வழி) கணக்கு, எல்லாம் சேர்த்து.

அந்தத் தாள் அலுவலகத்திலேயே பூட்டி இருக்கட்டும். மாநாட்டுக்கு எடுத்துப் போகவே கூடாது. அதிலிருந்து பிறக்கும் மூன்று கேள்விகளை மட்டும் எழுதிக்கொண்டு போகட்டும். கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: “சைபர் பாதுகாப்பை மேம்படுத்துவது எப்படி?” என்று கேட்டால் யாரும் பயனுள்ள பதில் தர முடியாது. “எங்களிடம் 140 கணினிகள், மேலாண்மை வசதி இல்லாத பழைய நெட்வொர்க் சுவிட்சுகள், எல்லாவற்றையும் மாற்றப் பணமில்லை, பில்லிங் சர்வரை மட்டும் முதலில் பிரிக்க என்ன வழி?” என்று கேட்டால், இதையே செய்து முடித்த ஒருவர் தேநீர் இடைவேளையில் பேனாவை எடுத்து வரைந்து காட்டுவார். அலுவலகத்தின் பெயர், ஐபி முகவரி, சாதனத்தின் மாடல் எண் எதையும் சொல்லாமலே இந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறது என்பதையும் கவனியுங்கள்.

வலையமைப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது பற்றிய கேள்வியை மாதிரியாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. புறநோயாளிச் சீட்டு முதல் ஆய்வக முடிவு வரை பல நாட்கள் கையால் எழுத வேண்டியிருந்தது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே ஊடுருவலுக்குக் காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் தந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2019 செப்டம்பரில், நம் கூடங்குளம் தொடர்பான அமைப்பில் மால்வேர் இருப்பதை, சைபர் சம்பவங்களைக் கையாளும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் தெரிவித்தது. நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு பயனரின் கணினியில்தான் அது இருந்தது என்றும், முக்கிய உள்வலையமைப்பு அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்றும் அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிவித்தது. மால்வேர் நுழைவதை எல்லா நேரமும் தடுக்க முடியாது. நுழைந்த இடத்திலேயே அது நிற்குமா என்பதைப் பிரிவினைதான் முடிவு செய்கிறது. உங்கள் அலுவலகத்தில் சிசிடிவி கேமரா, விருந்தினர் வைஃபை, பில்லிங் கணினி, சர்வர் நான்கும் ஒரே வலையத்தில் இருந்தால், மாநாட்டுக்குப் போகிறவர் கொண்டுபோக வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இனி, பயணம். சைபர் பாதுகாப்பு மாநாடு என்பதாலேயே அது பாதுகாப்பான இடம் என்று எண்ணிவிடக் கூடாது. மாநாட்டின் பெயரே தூண்டில் ஆவதுண்டு. 2017 நவம்பரில் வாஷிங்டனில் நடக்கவிருந்த சைகான் யு.எஸ். மாநாட்டின் அறிவிப்பு வாசகத்தை அப்படியே எடுத்து, வேர்டு கோப்பாக்கி, உள்ளே தீய மேக்ரோ (கோப்புக்குள் ஓடும் சிறு நிரல்) வைத்து ஒரு உளவுக்குழு பரப்பியது. குறிவைக்கப்பட்டவர்கள் சைபர் பாதுகாப்பில் ஆர்வமுள்ளவர்களேதான். 2020இல் மியூனிக் பாதுகாப்பு மாநாட்டின் பெயரில் போலி அழைப்புகள் அனுப்பப்பட்டதை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஆகவே பதிவு செய்த நாளிலிருந்து மாநாடு முடியும் வரை, “நிகழ்ச்சி நிரல் மாற்றம்”, “ஓட்டல் அறை உறுதி செய்க”, “சான்றிதழ் பதிவிறக்குக” என்று வரும் எந்த மின்னஞ்சலின் இணைப்பையும் சொடுக்காமல், மாநாட்டின் தளத்தைத் தானே தட்டச்சு செய்து திறந்து பார்ப்பதுதான் வழி. கட்டணத்தை அலுவலகம் செலுத்தும்போதும் இதே கவனம் வேண்டும். வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், பழைய அழைப்பிதழில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு போன் செய்து கேட்ட பிறகே பணம் போக வேண்டும்.

அன்றாடம் சர்வரை நிர்வகிக்கும் மடிக்கணினியை எடுத்துப் போகக் கூடாது. அலுவலகத்தில் ஓரமாக இருக்கும் பழைய மடிக்கணினி ஒன்றைத் துடைத்து, புதிதாக இயங்குதளம் நிறுவி, எல்லா அப்டேட்டும் கிளம்புவதற்கு முன்பே போட்டு, டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி) கொடுங்கள். அப்டேட்டை மாநாட்டு அரங்கில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. அங்கே அரங்கின் வைஃபை பெயரிலேயே இன்னொருவர் தன் கருவியை இயக்குவது எளிது. சில பயிற்சி அரங்குகளில் அதைச் செய்து காட்டுவதே பாடம். தெரிந்த வைஃபையில் தானாக இணையும் அமைப்பையும் புளூடூத்தையும் அணைத்துவிட்டு, தன் போனின் ஹாட்ஸ்பாட்டையே பயன்படுத்தட்டும். மின்னஞ்சல் பார்ப்பதோடு நிற்கட்டும். அங்கிருந்தபடி ஃபயர்வாலிலோ சர்வரிலோ அட்மினாக நுழையவே கூடாது. அந்த நாட்களில் அவசரம் வந்தால் அலுவலகத்தில் இருக்கும் மாற்று ஆள் யார் என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் வையுங்கள். மாற்று ஆளே இல்லை என்று தெரியவந்தால், மாநாட்டுக்குப் போகாமலே உங்கள் அலுவலகத்தின் ஒரு பெரிய ஓட்டை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஸ்டால்களில் இலவசமாகத் தரும் பென்டிரைவை எந்தக் கணினியிலும் செருகக் கூடாது. சொந்த சார்ஜரும் பவர் பேங்கும் கையில் இருக்கட்டும். பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 20,000 எம்ஏஎச் கொண்டது சுமார் 74 வாட்-மணி, விமானத்தில் பொதுவாக அனுமதிக்கும் 100 வாட்-மணி வரம்புக்குள் அடங்கும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு படம் எடுத்து முகநூலில் போடுவது வழக்கமாகிவிட்டது. அந்த அட்டையின் கியூஆர் கோடில் பெயர், பதவி, போன் எண் எல்லாம் இருக்கலாம். படம் எடுக்கும் முன் அட்டையைத் திருப்பிப் போட்டால் போதும்.

அரங்குக்குள் நேரத்தைச் செலவிடும் முறை பற்றி ஒரு சொல். தொடக்க விழாவும் முதன்மை உரைகளும் உயர் அலுவலர்களுக்குப் பயன் தருபவை. சட்டம் எந்தப் பக்கம் போகிறது, அரசு எதற்கு நிதி ஒதுக்கப் போகிறது என்பதை அங்கே கேட்கலாம். தொழில்நுட்ப ஆள் அந்த நேரத்தில் செய்முறைக் கூடங்களில் இருக்கட்டும். கேப்சர் தி ஃப்ளாக் என்ற, பயிற்சி சர்வர்களை ஊடுருவிப் பார்க்கும் போட்டி நடந்தால், தோற்றாலும் பரவாயில்லை என்று தொடக்க நிலைப் பிரிவில் உட்காரச் சொல்லுங்கள். தவறாக அமைத்த ஒரு சர்வருக்குள் எத்தனை நிமிடத்தில் நுழைய முடிகிறது என்பதைத் தன் விரல்களால் செய்து பார்த்தவர், தன் அலுவலக சர்வரைப் பிறகு அப்படி விட்டுவைக்க மாட்டார். நேரில் நடந்த தாக்குதலைப் பற்றி யாராவது பேசினால், உரை முடிந்ததும் அவரிடம் கேட்க வேண்டியவை: முதலில் எதை நிறுத்தினீர்கள், எத்தனை பேர் வேலை செய்தீர்கள், பேக்கப்பிலிருந்து எழுந்து நிற்க எத்தனை மணி நேரம் ஆயிற்று, இப்போது திரும்பிப் பார்த்தால் எதை முன்பே செய்திருப்பீர்கள். இத்தகைய உரைகளில் சில தகவல்களுக்குப் போக்குவரத்து விளக்கு போல நிறம் குறித்திருப்பார்கள். சிவப்பு என்றால் அங்கே இருந்தவரைத் தாண்டிப் போகக் கூடாது. அறிக்கையில்கூட எழுதக் கூடாது. மஞ்சள் என்றால் தன் அலுவலகத்திலும் அதன் வாடிக்கையாளர்களிலும் தெரிந்தாக வேண்டியவருக்கு மட்டும். பச்சை என்றால் இதே துறையில் இருப்பவர்களிடம் சொல்லலாம், இணையத்தில் போடக் கூடாது. இந்த ஒழுங்கை மீறியவருக்கு அடுத்த முறை யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

விற்பனை ஸ்டால்களை ஒதுக்கச் சொல்லவில்லை. உங்கள் அலுவலகம் எப்படியும் ஏதோ ஒன்றை வாங்கத்தான் போகிறது. நிறுவனத்தின் பொறியாளரை நேரில் பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் திரையில் ஓடும் உலக வரைபடத்தைப் பார்த்து நிற்காமல், கேட்பதைக் கேட்டு வர வேண்டும். லைசென்ஸ் முடிந்த மறுநாள் சாதனம் எதையெல்லாம் நிறுத்திக்கொள்ளும்? மூன்றாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் இன்றைய விலையில் எத்தனை சதவீதம், அதை டெண்டரிலேயே எழுத்தில் தருவீர்களா? லாக்குகளைப் பொதுவான சிஸ்லாக் வடிவில் வெளியே எடுக்க முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தச் சாதனத்தில் வெளியான கடுமையான ஓட்டைகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வர எத்தனை நாள் ஆயிற்று? மென்பொருள் என்றால், அதில் உள்ள உதிரிப் பாகங்களின் பட்டியலைத் தருவீர்களா? இதற்கான தொழில்நுட்ப வழிகாட்டுதலை செர்ட்-இன் 2024 அக்டோபரில் வெளியிட்டிருக்கிறது, எனவே கேட்பதில் தயக்கம் வேண்டாம். “இலவசமாக ஒரு மாதம் வைத்துப் பாருங்கள்” என்று கருவியைக் கொடுத்தால், அது உங்கள் வலையமைப்பில் ஓடும் அனைத்தையும் பார்க்கும் என்பது நினைவிருக்கட்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் உள்ளே வைக்கக் கூடாது. திருப்பித் தரும் முன் அதன் டிஸ்க் உங்கள் ஆள் கண்முன் அழிக்கப்பட வேண்டும்.

ஃபயர்வால் வாங்கினால் வேலை முடிந்தது என்ற எண்ணத்துக்கு ஒரு பாடம் சொல்கிறோம். ஃபோர்டிநெட் நிறுவனத்தின் விபிஎன் வசதியில் இருந்த ஓட்டைக்கு 2019 மே மாதத்திலேயே பேட்ச் வந்தது. ஆனால் 2021 செப்டம்பரில் சுமார் 87,000 சாதனங்களின் பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் வெளியே கசிந்தன. பலர் பேட்ச் போடவே இல்லை. போட்டவர்களிலும் பாஸ்வேர்டை மாற்றாதவர்கள் ஆபத்தில்தான் இருந்தார்கள். பேட்ச் போடும் முன்பே திருடப்பட்ட சாவி, பூட்டைச் சரிசெய்த பிறகும் திறக்கும் அல்லவா. எந்த நிறுவனத்தின் சாதனமானாலும் இது பொருந்தும். உங்கள் பராமரிப்பு ஒப்பந்தத்தில் “கடுமையான ஓட்டைக்கு இத்தனை நாளில் பேட்ச், அதன் பிறகு எல்லா பாஸ்வேர்டும் மாற்றம்” என்று இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டுறவு வங்கிகளுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 2024 ஜூலை கடைசியில் சிறிய வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் என்ற நிறுவனத்தில் நடந்த ரேன்சம்வேர் (தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) தாக்குதலால், யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அந்த நிறுவனத்தைத் தன் அமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. சுமார் 300 சிறிய வங்கிகளின் சேவை பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. பாதிக்கப்பட்ட வங்கிகள் தங்கள் கணினிகளை ஒழுங்காகவே வைத்திருந்தாலும் வாடிக்கையாளர் பணம் அனுப்ப முடியாத நிலை அது.

இப்போது, திரும்பி வந்த பிறகு. உண்மையில் இந்த மடலை எழுதத் தூண்டியது இந்தப் பகுதிதான். முதல் நாள் அந்த மடிக்கணினியை மறுபடி துடைத்துவிட வேண்டும். பயணத்தில் பயன்படுத்திய பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும். இரண்டாம் நாள் ஒரே ஒரு பக்க அறிக்கை. யார் என்ன பேசினார் என்பது வேண்டாம். கொண்டுபோன மூன்று கேள்விகளுக்கு என்ன பதில் கிடைத்தது, செலவே இல்லாமல் உடனே செய்யக்கூடியது எது, பணம் வேண்டியது எது, அதற்குத் தோராயத் தொகை என்ன. அந்தப் பக்கம் உங்கள் மேசைக்கு வந்த அன்றே அரை மணி நேரம் ஒதுக்கி அவரை நேரில் அழைத்துப் பேசுங்கள்.

அடுத்த முப்பது நாட்களில் மூன்று வேலைகள் முடிய வேண்டும்.

முதலாவது லாக். 2022 ஏப்ரல் 28 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்களுக்குச் சேமித்து வைக்க வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவாகும் என்ற பயம் பல இடங்களில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நடுத்தர அலுவலகத்தின் ஃபயர்வால் நொடிக்கு சராசரியாக 100 பதிவுகள் எழுதுகிறது, ஒரு பதிவு 300 பைட் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 2.6 ஜிபி, 180 நாளுக்கு சுமார் 467 ஜிபி. வெறும் எழுத்து என்பதால் சுருக்கி வைத்தால் இதில் சிறு பங்கே இடம் பிடிக்கும். லினக்ஸ் போட்ட ஒரு சாதாரணக் கணினியும் ஒரு டெராபைட் டிஸ்க்குகள் இரண்டும் போதும். வன்பொருளால் இது தோற்பதில்லை, கவனிப்பு இல்லாததால்தான் தோற்கிறது. சிறிய ஃபயர்வால்கள் பலவற்றில் டிஸ்க்கே இருக்காது. லாக் நினைவகத்தில் மட்டும் நிற்கும், மின்சாரம் போய் வந்தால் போய்விடும். விண்டோஸ் கணினியில் செக்யூரிட்டி லாக்கின் இயல்பான அளவு 20 எம்பி. நிறைந்ததும் பழையதன்மேல் எழுதும். யுடிபி என்ற முறையில் அனுப்பும் லாக், வழியில் தொலைந்தாலும் யாருக்கும் தெரியாது. போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் டிசிபி முறைக்கு மாற்றினால் அந்தக் குறை பெரிதும் தீரும். டிஸ்க் நிறைந்து மூன்று மாதம் முன்பே பதிவு நின்றுபோயிருக்கும், தாக்குதல் நடந்த அன்றுதான் பார்ப்பார்கள். வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை காலையில், கடைசியாக வந்த வரியின் நேரத்தைப் பார்த்து ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடச் செய்வது போதுமான மருந்து.

நேரம் என்றதும் இன்னொன்று. ஃபயர்வால் உலகப் பொது நேரத்திலும் சர்வர் இந்திய நேரத்திலும் ஓடினால் இரண்டுக்கும் ஐந்தரை மணி நேரம் இடைவெளி. காலை பத்து மணிக்கு உள்ளே வந்தவனை விடியற்காலை நாலரைக்கு வந்ததாக நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதே ஆணை, கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு பொருத்தச் சொல்கிறது. ஃபயர்வால், சுவிட்ச், சர்வர், சிசிடிவி எல்லாவற்றிலும் ஒரே நேர மூலத்தை அமைக்க ஒரு ஆளுக்கு ஒரு மதியம் போதும். செலவு எதுவும் இல்லை.

இரண்டாவது பேக்கப். மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தோற்பதற்குக் காரணங்கள் இவை: பேக்கப் எடுக்கும் வெளி டிஸ்க் எப்போதும் கணினியில் செருகியே இருக்கும், ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். பேக்கப் சர்வரும் அதே டொமைனில், அதே அட்மின் பாஸ்வேர்டில் இருக்கும். கோப்புகளுக்கு பேக்கப் இருக்கும், டேட்டாபேஸுக்கு இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, மீட்டுப் பார்த்ததே இல்லை. இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பில் 2023 ஆகஸ்டில் நடந்த ரேன்சம்வேர் தாக்குதலில், அதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட அரசு மின்னஞ்சல்கள் போயின. அந்தக் காலத்துக்கு பேக்கப் இருக்கவில்லை, மின்னஞ்சல் மென்பொருளும் ஆதரவு முடிந்த பழைய பதிப்பு.

மீட்கும் நேரத்தையும் முன்பே அளந்து வையுங்கள். ஒரு டெராபைட் தரவைக் குறையில்லாத ஒரு ஜிகாபிட் வலையமைப்பில் நகர்த்தக் கணக்குப்படி இரண்டேகால் மணி நேரம். நடைமுறையில் மூன்று நான்கு ஆகும். நடுவில் ஒரே ஒரு பழைய 100 மெகாபிட் சுவிட்ச் இருந்தால் அதுவே 22 மணி நேரத்துக்கு மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தனிக் கணினியில், முழு டேட்டாபேஸையும் மீட்டு, மென்பொருளைத் திறந்து, கடந்த வாரத்து ஒரு ரசீதைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். ரசீது திரையில் வந்தால்தான் பேக்கப் இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, ஆறு மணி நேரம். சம்பவம் கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே ஆணை. வார இறுதியில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஊழியர் கண்காணிப்பாளரிடம் சொல்வார், அவர் நேர்முக உதவியாளரிடம் சொல்வார், “திங்கட்கிழமை கோப்பு வையுங்கள்” என்று பதில் வரும். இதற்கிடையில் நல்லெண்ணத்தோடு யாரோ கணினியை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவார். ஆதாரம் முழுக்கப் போய்விடும். செய்ய வேண்டியது: லேன் கேபிளைக் கழற்றுவது, வைஃபையை அணைப்பது, கணினியை நிறுத்தாமல் அப்படியே விடுவது, திரையை போனில் படம் எடுப்பது, பார்த்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் காகிதத்தில் எழுதுவது, பேக்கப் டிஸ்க்குகளை உடனே கழற்றி வைப்பது. பிறகு தெரிவிப்பது. எல்லா விவரமும் கிடைத்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. அந்த நேரத்தில் தெரிந்ததைச் சொல்லிவிட்டு மிச்சத்தைப் பிறகு தரலாம் என்று செர்ட்-இன்னின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. தனிநபர் தரவு கசிந்திருந்தால் வேறொரு கடிகாரமும் ஓடப்போகிறது: 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக 2025 நவம்பரில் வெளியான விதிகள், விரிவான தகவலைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தரச் சொல்கின்றன. அந்தப் பகுதி நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. மருத்துவமனைகள் அதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

இவற்றையெல்லாம் செய்ய மாநாட்டுக்குப் போய் வந்தவருக்குத் தனி அதிகாரம் வேண்டும். அதனால் அனுமதி ஆணையை இப்படி எழுதுங்கள் என்று கேட்கிறோம்:

“மேற்படி மாநாட்டிலும் அதற்கு முந்தைய பயிற்சியிலும் கலந்துகொள்ள இன்னாருக்கு அனுமதி அளிக்கப்படுகிறது. பயண நாட்கள் உட்பட அனைத்தும் பணிநாட்களாகக் கருதப்படும். திரும்பிய இரண்டு நாட்களுக்குள் ஒரு பக்க அறிக்கை அளிக்க வேண்டும். அதன்பின் முப்பது நாட்களுக்கு, வாரத்தில் இரண்டு நாட்கள் வேறு பணி எதுவும் ஒதுக்கப்படாமல், லாக் சேமிப்பு, நேரப் பொருத்தம், பேக்கப் மீட்புச் சோதனை ஆகிய பணிகளை மட்டும் மேற்கொள்ள வேண்டும். இதற்குத் தேவையான சிறு கொள்முதலை இந்தத் தொகை வரை கணினிப் பிரிவு நேரடியாக முன்மொழியலாம். சைபர் சம்பவம் என்று தோன்றினால், மேலதிகாரியின் முன் அனுமதிக்குக் காத்திராமல் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க இவருக்கும் இவருடைய மாற்று அலுவலருக்கும் இதனால் அதிகாரம் அளிக்கப்படுகிறது. தெரிவித்த பிறகு உடனே துறைத் தலைவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.”

செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க அதிகாரம் தரும் வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள். மற்றவற்றை உங்கள் அலுவலக நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கணினி வலையமைப்புகளைப் பராமரிப்போர்

பி.கு.: சர்வர் அறையின் கதவுக்கு உள்பக்கம், கண் மட்டத்தில், இரண்டு எண்களைப் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். செர்ட்-இன்னின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800-11-4949. பணம் பறிபோயிருந்தால் 1930. இதற்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு உண்டு. அவற்றின் கீழே கணினிப் பிரிவின் இரண்டு பேருடைய எண்களும் உங்கள் எண்ணும்.